குசினி வாசலில் முகர்ந்த சுடுதண்ணீர்

தம்பிமாரே,

போன கிழமை உங்களில் ஒருவர் எனக்கு போன் எடுத்தார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். "பாஸ், கெஸ்ட் பங்களாவுல சுடுதண்ணி நாறுதுங்க. மேல லயத்து ஆளுங்க ஊத்துத் தண்ணியக் கெடுக்கிறாங்க போல. அப்படியே ரிப்போட் எழுதிக் குடுத்துறவா?" என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அரை மணி நேரம் முற்றத்தில் மேலும் கீழும் நடந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்து, யார் மேல் இவ்வளவு கோபம் என்றாள். போன் எடுத்தவர் மேல் பாதி, என் மேல் பாதி என்றேன்.

அவர் எழுதக் கேட்ட அதே ரிப்போர்ட்டை நான் ஒரு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன நடந்தது என்று இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். இதே தொழில் செய்யும் நீங்கள் ஹோட்டல்களில் வேலை பார்க்கிறீர்கள், கெஸ்ட் பங்களாக்களில் பார்க்கிறீர்கள், வெள்ளைக்காரர்கள் படுத்து எழும்பி ஊர் சுற்றும் வான்களில்கூட இப்போது சுடுதண்ணீர் டாங்கி இருக்கிறதாம். டாங்கி சின்னதோ பெரிதோ, நாற்றம் ஒன்றுதான். அந்த நாற்றத்துக்கு யார் தலையில் பழி போடுவது என்பதில்தான் நாம் நாசமாய்ப் போகிறோம்.

அப்போது கம்பெனிகள் தோட்டங்களை அரசாங்கத்திடமிருந்து எடுத்து ஐந்தாறு வருஷம் இருக்கும். கரவனெல்லையிலிருந்து உள்ளே போகும் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பாஸ், பழுது பார்க்கிற கைவேலைக்காரன். ரப்பர் ஸ்டோரில் ரோலர் நின்றாலும் நான்தான், டிஸ்பென்சரிக் கதவு கழன்றாலும் நான்தான், துரை பங்களாவில் பைப் ஒழுகினாலும் நான்தான். பிறந்தது அதே தோட்டத்து மேல் லயத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில். குடும்பத்துக்கு ஓர் அறையாக இருபத்துநாலு காம்பரா, நாங்கள் மூன்றாவது காம்பரா. வேலை பழகிய பிறகு ஸ்டாஃப் பக்கத்தில் இரண்டு குடும்பம் இருக்கும் வீட்டில் எனக்கு ஒரு பாதி கொடுத்தார்கள். அந்தப் பாதி வீட்டின் திமிர் எனக்குத் தலைக்கு மேல் இருந்தது. லயத்துக்காரர்களைப் பற்றிப் பேசும்போது 'அவங்க' என்றுதான் பேசுவேன், என் தாய் தகப்பன் அங்கே வாழ்ந்து செத்ததை மறந்துவிட்டு.

பங்களாவுக்கும் லயத்துக்கும் ஒரே தண்ணீர்தான். மலையில் பாறைக்குக் கீழே ஊற்று, அதைச் சுற்றிக் கட்டிய சீமெந்து டாங்கி. அதிலிருந்து தடித்த பைப் ஒன்று பங்களாவுக்குப் போகும். மெல்லிய பைப் ஒன்று லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகும். மெல்லிய பைப்பில் அடிக்கடி இலை அடைக்கும். அடைத்தால் லயத்துப் பெண்கள் மேலே ஏறி எடுத்துவிடுவார்கள். ஏறியது ஏறினோம் என்று நாலு துணியையும் அங்கேயே அலசிக்கொண்டு இறங்குவார்கள்.

தோட்டத்து மனேஜராகப் புதுத் துரை வந்ததும் பங்களாவில் கரண்டில் வேலை செய்யும் சுடுதண்ணீர் டாங்கி ஒன்று பூட்டினார்கள். கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து பூட்டிவிட்டுப் போனார்கள். என்னைப் பக்கத்தில் நின்று பார்க்கக்கூடக் கூப்பிடவில்லை. ஒன்றரை மாதம் போனது. ஒரு நாள் காலையில் துரை ஆள் அனுப்பினார், சுடுதண்ணீர் அழுகின முட்டை போல நாறுகிறது என்று.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் வேலையாள் பங்களாவின் முன் பக்கம் போவதில்லை. பின்பக்கம், சமைக்கிற குசினி வாசல்தான். துரை குளிக்கிற அறைக்குள் வேலை இருந்தால், துரை வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து, அப்பு பக்கத்தில் நிற்க, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவோம். அப்பு என்பது பங்களாச் சமையற்காரர். மூன்று துரைமாருக்குச் சமைத்த மனுஷன், அவசியமில்லாமல் ஒரு சொல் பேச மாட்டார். துரை பங்களாவில் இருக்கும்போது உள்ளே போவது என்ற பேச்சே இல்லை. யாரும் எழுதி வைத்த சட்டம் அல்ல அது. ஆனாலும் எவனும் மீறியதில்லை.

அன்றைக்குத் துரை பங்களாவில் இருந்தார். ஆகவே நான் குசினி வாசலில் நின்றேன். "அப்பு, அந்தச் சுடுதண்ணியக் கொஞ்சம் கொண்டாங்க" என்றேன். அப்பு ஒரு வாளியில் பிடித்துக்கொண்டு வந்து வாசற்படியில் வைத்தார். குனிந்து முகர்ந்தேன். அழுகின முட்டை நாற்றமேதான்.

துரை உள்வாசலில் வந்து நின்றார். சிங்களவர், ஆனால் தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார்.

"தண்ணி எங்கேயிருந்து வருது?"

"மேல ஊத்துல இருந்துங்க தொரை."

"லயத்துக்கும் அங்கேயிருந்துதானே போகுது?"

"ஆமாங்க."

"அங்கே என்னா செய்றாங்கன்னு போய்ப் பாரு."

கவனியுங்கள். நோய் என்னவென்று பார்க்க என்னை அவர் அனுப்பவில்லை. யார் குற்றவாளி என்பதை அவரே முடிவு செய்துவிட்டு, சாட்சி தேடி வரத்தான் அனுப்பினார். நானும் போனேன், சாட்சியைத் தேடிக்கொண்டு.

டாங்கி ஓரத்தில் இரண்டு பெண்கள் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பாக்கியம். எங்கள் அடுத்த காம்பராவில் வளர்ந்தவள், என்னை விடப் பத்து வயது குறைவு. ரப்பர்ப் பால் வெட்டுவதில் அந்தத் தோட்டத்தில் அவளுக்கு மிஞ்சிய ஆள் இல்லை. கத்தி ஒரு நூல் ஆழமாய்ப் போனால் மரம் புண்ணாகும், ஒரு நூல் மேலே போனால் பால் வராது. அவள் வெட்டிய மரத்தைக் கணக்கப்பிள்ளை மற்றவர்களுக்குக் கூட்டிப் போய்க் காட்டுவார்.

"என்னாண்ணே, டாங்கி ஒழுகுதா?" என்று கேட்டாள்.

"பங்களாவுல தண்ணி நாறுதாம். நீங்க இங்க வந்து தொவைக்கிறதுனாலதான்."

"எங்களுக்கு நாறலியே அண்ணே. இதே தண்ணியத்தானே நாங்களும் குடிக்கிறோம்."

அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் முழு விடையும் இருந்தது. எவனாவது மூளையுள்ளவனாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே திரும்பிப் போய்ப் பங்களாவின் பைப்புகளைத் திறந்து பார்த்திருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒங்களுக்கு எதுதான் நாறியிருக்கு?" என்றேன். இதை எழுதும்போது என் வாயில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. அவள் முகம் சுருங்கியது. துணியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

சோப்பு நுரை டாங்கிக்கு வெளியே, எதிர்ப்பக்கம், சரிவில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு துளி உள்ளே போக வழியில்லை. அதையும் என் கண் பார்த்தது. ஆனால் நான் தேடிப் போனது சோப்பு, சோப்பு கிடைத்துவிட்டது, அது போதும் என்று இறங்கிவிட்டேன்.

ஆபீசில் கிளாக்கர் இங்கிலீஷில் டைப் அடித்தார். ஊற்றுத் தண்ணீர் லயத்து ஆட்களால் அசுத்தமாகிறது என்று. கீழே நான் கையெழுத்துப் போட்டேன். கொழும்பிலிருக்கும் கம்பெனிக்கு ஒரு பிரதி போனது. அடுத்த நாள் ஓடர் வந்தது: டாங்கியைச் சுற்றி முள்ளுக்கம்பி அடி, லயத்துப் பைப்பை வெட்டு, பைப் இருக்கும் வரைக்கும் அடைப்பு எடுக்கிறேன் என்று மேலே ஏறுவார்கள், கீழே ஓயாவில் தண்ணீர் எடுக்கட்டும். பைப்பைக் கழற்றி மூடி போட்டு இறுக்கியது இந்தக் கைதான். வேறு யாரையும் கைகாட்ட முடியாது.

ஓயா என்ற அந்தச் சிற்றாறு கால் மைல் கீழே. ரப்பருக்குள் செம்மண் சரிவு, அட்டை, வேர். இருபத்துநாலு காம்பரா ஆட்களும் காலையில் வேலைக்குப் போகுமுன் குடத்தோடு இறங்கி ஏறினார்கள். தலைவர் ஆபீசுக்குப் போய்ப் பேசிப் பார்த்தார். லயத்து ஆட்களுக்காகத் துரையிடம் பேச வேண்டிய யூனியன் தலைவர் அவர். துரை அந்தக் கடுதாசியை எடுத்துக் காட்டி, "ஒங்க ஆளே எழுதிக் குடுத்திருக்கான், பாரு" என்றாராம். தலைவர் திரும்பி வந்தார். கோயிலடியில் என்னைக் கண்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. என்ன கோபம் பாருங்கள், அவர் மேல் வந்தது.

ஆறாவது நாள் மழை. பாக்கியம் நிறைகுடத்தோடு வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. தோட்டத்து லொறியில் கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டுக் கூட்டி வந்தார்கள். செய்தி கேட்டேன். போய்ப் பார்க்கவில்லை. வேலை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்தாவது நாள் மறுபடியும் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. துரை நாலு நாள் கொழும்பில் இருந்துவிட்டு வந்து பைப்பைத் திறந்திருக்கிறார், முன்னை விட மோசமாய் நாறியிருக்கிறது. வெள்ளிக்கிழமை கம்பெனிப் பெரியவர் வெளிநாட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு தங்க வருகிறார். அதற்குள் சரியாக்கு என்று உத்தரவு. அன்றைக்கு செவ்வாய்.

துரை வெளியே போயிருந்தார். நான் பழக்கம் போல குசினி வாசலில் போய் உட்கார்ந்தேன். என்ன செய்வதென்றே தெரியவில்லை. லயத்து ஆட்கள் டாங்கிப் பக்கம் தலை காட்டியே பத்து நாள். பிறகு எப்படி நாறும்? அப்பு பால் விடாத பிளேன்டி ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார். பாதி குடித்த பிறகுதான் மண்டையில் ஏறியது.

"அப்பு, இது எந்தத் தண்ணி?"

"பைப்புத் தண்ணிதான். வேற எந்தத் தண்ணி?"

"நாறலியே."

"ஏன் நாறணும்? இதுலதானே தெனம் சமைக்கிறேன். தொரையும் மூணு வேளை இதுலதான் டீ குடிக்கிறாரு."

"அப்ப பச்சத்தண்ணியில நாத்தமே இல்லியா?"

"ஒரு நாளும் இல்ல."

"ஏன் அப்பு இத எங்கிட்ட மொதல்லயே சொல்லல?"

அப்பு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க சுடுதண்ணி கேட்டீங்க. நான் சுடுதண்ணி கொண்டாந்து குடுத்தேன்" என்றார்.

செருப்பைக் கழற்றவில்லை. அப்படியே உள்ளே போனேன். குளிக்கும் அறையில் பச்சைத்தண்ணீரைத் திறந்தேன், ஒன்றுமில்லை. சுடுதண்ணீரைத் திறந்தேன், அறை முழுக்க நாறியது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை தம்பிமாரே. பத்து நாளாக இருபத்துநாலு காம்பராவை ஓயாவுக்கு நடக்கவிட்டு, ஒருத்தியின் கையை ஒடித்த அந்தக் கேள்விக்கு ஒரு நிமிஷத்தில் விடை இருந்தது.

கரண்டை நிறுத்திவிட்டு டாங்கியை வடித்தேன். கறுப்பாய் வந்தது. மேலே ஒரு நட்டைக் கழற்றினால் உள்ளே நீளமாய் ஒரு கம்பி, பாதி கரைந்து, சளி பிடித்து, நாற்றமெல்லாம் அதில்தான். அது என்ன கம்பி என்று எனக்குத் தெரியாது. அடுத்த நாள் முதல் பஸ்ஸில் அதைப் பையில் சுற்றிக்கொண்டு இரத்தினபுரிக்குப் போனேன். அங்கே ஒரு ஹோட்டலில் சுடுதண்ணீர் வேலை பார்த்த சிங்கள பாஸ் ஒருவர், நான் தொழில் பழகிய காலத்தில் அவரிடம் ஒரு வருஷம் நின்றிருக்கிறேன். கம்பியைப் பார்த்ததும் சிரித்தார். சிங்களத்தில் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஊத்துத் தண்ணியில கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கும், குடிச்சா ஒண்ணும் செய்யாது. காத்து இல்லாத டாங்கியில, இளஞ்சூட்டுல, நாலு நாள் சும்மா கெடந்தா பெருகும். இந்த மக்னீசியக் கம்பியும் சேந்தா முட்டை நாத்தம். ஊத்து மேல பழி போடாதே." நான் ஏற்கெனவே போட்டுவிட்டேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அலுமினியமும் துத்தநாகமும் கலந்த வேறு கம்பி ஒன்று கொடுத்தார். டாங்கியைக் குளோரின் போட்டுக் கழுவி, சூட்டைக் கூட்டி வைக்கச் சொன்னார். கம்பியே வேண்டாம் என்று ஓட்டையை அடைத்துவிட்டு வராதே, டாங்கி துருப்பிடித்துச் சாகும் என்றும் சொன்னார். வேலை அவ்வளவுதான். அதை நீங்கள் என்னை விட நன்றாகச் செய்வீர்கள்.

எனக்கு உண்மையான வேலை வந்தது வியாழக்கிழமை காலையில், துரையின் ஆபீசில். புதுக் கம்பி கையில் இருந்தது.

"தொரை, ஊத்துல ஒரு கொறையும் இல்லைங்க. சூடாக்குற டாங்கிக்குள்ளதான் நாத்தம். நான் எழுதிக் குடுத்தது தப்புங்க."

துரை பேனாவை வைத்தார். "சரி. போய் மாத்து. நாளைக்கு ஆளுங்க வர்றாங்க."

"லயத்துப் பைப்பு?"

"அது இருக்கட்டும். கொழும்புக்கு எழுதியாச்சு. அவங்க டாங்கிகிட்ட தொவைச்சது உண்மைதானே?"

அந்த இடத்தில் எனக்கு ரத்தம் கொதித்தது. தப்பு என்று தெரிந்த பிறகும், எழுதியாச்சு என்பதற்காக அது தப்பில்லாமல் ஆகிவிடுகிறது. மனுஷன் தண்ணீருக்கு நடப்பது ஒரு கடுதாசியைக் காப்பாற்றுவதற்காக. பெரிய தைரியம் வந்து பேசினேன் என்று நினைக்காதீர்கள், அது வெறும் கோபம்.

"லயத்துப் பைப்ப மாட்டிட்டுத்தாங்க இத மாட்டுவேன்" என்றேன்.

"என்னா சொன்னே?"

"லயத்துப் பைப்பு மொதல்ல. டாங்கி வடிச்சு வச்சிருக்கு, நான் ஒண்ணும் ஒடைக்கல. வேற ஆளக் கூப்பிட்டும் செய்யலாம். நான் செய்யணும்னா அது மொதல்லங்க."

"ஒன்னோட குவார்ட்டர்ஸ் யாரு குடுத்ததுன்னு ஞாபகம் இருக்கா? நீயும் லயத்து ஆள்தானே, புத்தி அங்கேதான் போகும்."

"போகாம இருந்ததாலதாங்க இவ்வளவும் வந்திச்சு."

வெளியே போய் நில் என்றார். நின்றேன். பாதி வீடு போனால் மனைவியையும் பிள்ளைகளையும் எங்கே கொண்டுபோவது என்றுதான் மண்டைக்குள் ஓடியது. ஆனால் கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் ஒரு நாள் பச்சைத்தண்ணீரில் குளித்தால் சளி, தடிமன் பிடிக்கும், அவ்வளவுதான். லயத்தில் இன்னொருத்தி விழுந்தால் இன்னொரு கை போகும். இரண்டு வேலை ஒரே நேரத்தில் கையில் இருந்தால் எது பெரிய இடத்து வேலை என்று பார்க்காதீர்கள். எது தாமதமானால் யாருக்கு என்ன ஆகும் என்று பாருங்கள்.

மத்தியானம் கிளாக்கர் வெளியே வந்தார். வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. "பைப்பக் குடுத்துறச் சொன்னாரு. ஆனா ரிப்போட்டப் பத்தி வாயத் தொறக்கக் கூடாதாம். தொரை எரக்கப்பட்டுக் குடுத்ததா கங்காணி மூலம் லயத்துல சொல்லச் சொன்னாரு" என்றார்.

முள்ளுக்கம்பியை வெட்டி எறிந்தேன். மெல்லிய பைப்பை எடுத்துவிட்டு, பெரிதாக ஒன்று ஸ்டோரில் கிடந்ததை இழுத்து மாட்டினேன், யாரிடமும் கேட்கவில்லை. பீலியில் தண்ணீர் விழும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் பங்களாவுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை வந்தவர்கள் சந்தோஷமாகக் குளித்துவிட்டுப் போனார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக் கோயிலடியில் கூட்டம். துரை இரக்கப்பட்டுத் தண்ணீர் கொடுத்ததற்கு மாலை போட வேண்டுமென்று தலைவர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அவர்களுடைய தண்ணீரைப் பிடுங்கியவருக்கு அவர்கள் கையாலேயே மாலை. நான் நடுவில் போய் நின்றேன்.

"மாலை வேண்டாங்க. ஊத்துத் தண்ணி கெடல. சூடாக்குற டாங்கிதான் கெட்டிருந்திச்சு. தண்ணி கெட்டதுன்னு எழுதிக் குடுத்தது நான்தான். தப்பா எழுதிக் குடுத்தேன்."

தலைவர் எரிச்சலோடு, "இப்ப ஏன் பாஸ் இத சொல்றீங்க? தண்ணிதான் வந்திருச்சே" என்றார். அவருக்குத் துரையோடு நாளைக்கும் பேச வேண்டும். மாலை திங்கட்கிழமை போடப்பட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாக்கியம் கோயில் படியில் உட்கார்ந்திருந்தாள், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. அவள் சத்தம் போடாமல் கேட்டாள்.

"எழுதிக் குடுக்கிறதுக்கு முன்னுக்கு நீங்க எங்க நின்னு பாத்தீங்க?"

"குசினி வாசல்ல."

"உள்ளுக்குப் போகலியா?"

"போகல."

"நாத்தம் உள்ளுக்குத்தானே அடிச்சிச்சு?"

"தொரை இருந்தாரு, பாக்கியம்."

அவள் மடியிலிருந்த கையைத் தூக்கிக் காட்டினாள். பிறகு சொன்னாள்: "ஒங்களுக்கு அந்த வாசலத் தாண்டப் பயம். மேல ஏறி வந்து எங்கள ஏச மட்டும் பயமில்ல. அதுக்குத்தான் ஏங் கை ஒடஞ்சிருக்கு."

கட்டு அவிழ்த்த பிறகு மணிக்கட்டு கோணலாகவே நின்றுவிட்டது. இரண்டு மாதம் பால் வெட்டிப் பார்த்தாள். கத்தி அந்தக் கையில் நிற்கவில்லை, மரங்கள் புண்ணாகின. கணக்கப்பிள்ளை கத்தியை வாங்கிக்கொண்டு அவளைப் புல் வெட்ட அனுப்பினார்.